செப்டம்பர் ஒன்றுக்குள் இறங்க வேண்டும்: கிர்கிஸ் மலைக் குறிப்புகள்

வியாழன், கொச்கோர்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் மேற்குப் பேருந்து நிலையத்தில் மர்ஷ்ருத்கா என்கிற வேனுக்கு நேர அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் வண்டி கிளம்பும். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, இரண்டு மூட்டை மாவு, ஒரு டிவி பெட்டி எல்லாம் ஏறியாயிற்று. "மாமா, ஜன்னல் சீட்டைப் பிடிங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா மகள். இங்கே மருத்துவம் படிக்கிறாள். பிஷ்கெக் மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வராமல் தங்கிவிட்டவளை ஒரு எட்டுப் பார்த்துவரச் சொல்லி அக்கா என்னை அனுப்பினாள். பார்த்தாயிற்று. அவளையும் கூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டேன், ரஷ்ய மொழி பேச ஆள் வேண்டுமே.

பாதை சூ ஆற்றை ஒட்டிப் போகிறது. தோக்மோக் தாண்டியதும் போம் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செம்மண் நிறப் பாறை, நடுவில் ஆறு, ஆற்றோடு ரயில் பாதை. இசிக்-கோல் ஏரிக்குப் போகிற கூட்டமெல்லாம் இடப்பக்கம் பிரிந்துவிட, நாங்கள் தெற்கே திரும்பினோம். ஓர்தோ-தோக்கோய் நீர்த்தேக்கத்தின் நீலம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

கொச்கோர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன டவுன். ஒரு கடைத்தெரு, ஒரு சந்தை, நிறைய பாப்லர் மரங்கள். சுற்றுலாவில் கிராமத்துக்கும் பங்கு போகவேண்டும் என்று வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் முறை இந்த வட்டாரத்தில் கால் நூற்றாண்டாக நடக்கிறது. ஹெல்வெட்டாஸ் என்ற சுவிஸ் அமைப்பு தொடக்கத்தில் துணை நின்றது. குதிரை, வழிகாட்டி, வீடு, யூர்ட் (வட்டமான கம்பளிக் கூடாரம்) எல்லாவற்றுக்கும் சுவரில் விலை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சோம் ஏறக்குறைய ஒரு ரூபாய்தான், மனக்கணக்கே தேவையில்லை.

கழுகு வேட்டை காட்டுகிறோம், பார்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கழுகோடு வேட்டைக்குப் போவது குளிர்காலத்துத் தொழில். கோடையில் சுற்றுலாப் பயணிக்காக ஒரு முயலை அவிழ்த்துவிட்டு அதன்மேல் கழுகை ஏவுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

வெள்ளி, கிசார்ட்

கொச்கோரிலிருந்து ஜும்கால் போகிற பாதையில் 2,664 மீட்டர் உயரத்தில் கிசார்ட் கணவாய். நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். இங்கே அந்த உயரத்தில் நிலக்கரி லாரிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. காரா-கெச்செ சுரங்கத்து நிலக்கரி. பிஷ்கெக் அனல்மின் நிலையத்துக்கும் வீடுகளுக்கும் குளிர்காலத்துக்காக இப்போதே போய்ச் சேர வேண்டும். கணவாயைத் தாண்டி இறங்கினால் கிராமம்.

கிராமம் என்றதும் மனதில் வரும் யூர்ட் ஒன்றுகூட இங்கே இல்லை. தகரக் கூரை, வெள்ளைச் சுவர், நீல ஜன்னல் சட்டம், பின்னால் வைக்கோல் போர், வாசலில் பழைய ஆடி கார். நேர்க்கோட்டில் வகுந்த தெருக்கள். நாடோடிகள் கட்டிய ஊரல்ல இது, நாடோடிகளை உட்காரவைக்கக் கட்டிய ஊர். 1930களில் கூட்டுப்பண்ணைகள் வந்தபோது கிர்கிஸ் குடும்பங்களை இப்படி ஊர்களில் குடியேற்றினார்கள். ஆனால் புல் மலைமேல்தானே இருக்கிறது? ஆகவே சோவியத் காலத்திலும் கோடையில் மந்தைகள் மேலே போயின, என்ன, குடும்பத்தின் பேரில் இல்லாமல் பண்ணையின் பேரில், சம்பளத்துக்கு. மெரினோ கலப்புச் செம்மறிகளைப் பெருக்கினார்கள். சோவியத் யூனியனின் கடைசிக் காலத்தில் கிர்கிஸ் நாட்டில் மட்டும் சுமார் ஒரு கோடிச் செம்மறிகள் இருந்தன. 1991க்குப் பிறகு பண்ணைகள் கலைந்து, ஆடுகளைப் பங்குபோட்டு, கையில் காசில்லாதவர்கள் விற்றும் தின்றும் தீர்த்ததில், சில வருஷங்களில் 40 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. எங்களைத் தங்கவைத்திருக்கும் வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்தில் பண்ணை டிராக்டர் ஓட்டியவர். "ரொட்டிக்கு ஆடு கொடுத்தோம்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் வைக்க இடமில்லை: போர்சோக் என்கிற எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், காய்மாக் (கட்டி ஏடு), ராஸ்பெர்ரி ஜாம், தக்காளி, பிறகு லாக்மான் என்ற நூடுல்ஸ். டீயை அரைக் கிண்ணம்தான் ஊற்றுகிறார்கள். கஞ்சத்தனம் இல்லை; கிண்ணம் சட்டென்று காலியாகும், மறுபடி ஊற்றலாம், விருந்தினரைக் கவனித்தபடியே இருக்கலாம். முழுக்க நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் ஒருசேர இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி "ஓமின்" என்கிறார்கள். அதன் பிறகு மேசையில் கை வைக்கக்கூடாது. நான் கடைசிப் போர்சோக்கை அதற்கு முன்பே எடுத்துக்கொண்டேன்.

சனி, கிலெம்செ

காலையில் குதிரை. வழிகாட்டிக்கு இருபது வயது இருக்கும், குதிரைமேல் உட்கார்ந்தபடியே சிகரெட் பற்றவைத்து, போன் பேசி, என் குதிரையின் கடிவாளத்தையும் பிடித்துக்கொள்கிறான். அவனுக்கு ரஷ்ய மொழி அவ்வளவாக வரவில்லை. நரின் மாகாணத்தில் இளைஞர்கள் பெரும்பாலும் கிர்கிஸ் மொழியே பேசுகிறார்கள். அக்கா மகளின் மருத்துவக் கல்லூரி ரஷ்யம் இங்கே பாதிதான் செல்லுபடியானது. மீதிக்குக் கை ஜாடை. "சூ!" என்றால் போகும், "த்ர்ர்ர்" என்றால் நிற்கும். என் குதிரை முதலாவதை அவன் சொன்னால் மட்டும் கேட்டது, இரண்டாவதை யார் சொன்னாலும் கேட்டது.

ஏற்றம் நெடுக வாசனைச் செடி, குதிரைக் குளம்பில் மிதிபட்டு மணந்தது. 3,000 மீட்டரைத் தாண்டிய கணவாயில் காற்று முகத்தில் அறைந்தது, அப்புறம் கல்மாரி, அப்புறம் வெயில், எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். மறுபக்கம் கிலெம்செ. ஒரு பெரிய பச்சைப் படுகை, நடுவே ஓடை, ஓடைக்கரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளியாக யூர்ட்கள். ஜாய்லோ என்கிறார்கள் இந்தக் கோடை மேய்ச்சல் நிலத்தை.

யூர்ட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. உச்சியில் துந்துக் என்ற வட்டச் சட்டம். குறுக்கே வளைந்த குச்சிகள், அதன் வழியே வெளிச்சமும் இறங்குகிறது, புகையும் ஏறுகிறது. அதிலிருந்து ஊக் என்ற கழிகள் விரிந்து இறங்கி, மடக்குச் சுவரான கெரெகெயில் பொருந்துகின்றன. கழி ஒடிந்தால் மாற்றலாம், கம்பளம் நைந்தால் மாற்றலாம். துந்துக்கை மட்டும் அப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். நாட்டுக் கொடியின் நடுவிலும் அதுதான் இருக்கிறது, நாற்பது கதிர் கொண்ட சூரியனுக்குள். 2023 இறுதியில் அந்தக் கதிர்களைச் சட்டம் போட்டு நேராக்கினார்கள். நெளிநெளியாக இருந்தபோது சூரியகாந்திப் பூ மாதிரித் தெரிகிறது என்று புகாராம். அதிபர் கையெழுத்தும் போட்டாயிற்று. பெரியவர் வீட்டுக் காலண்டரில் இன்னும் பழைய கொடிதான்.

கதவுக்கு நேர் எதிரே இருக்கும் இடம் தோர், மரியாதைக்குரியவருக்கு. நுழைந்ததும் வலப்பக்கம் பெண்கள் பகுதி, அடுப்படிச் சாமான்கள் எல்லாம் அங்கே. இடப்பக்கம் ஆண்கள் பகுதி, சேணம், சாட்டை. என்னைத் தோரில் உட்காரவைத்தார்கள். தொடை இரண்டும் தனியாகக் கழன்று விழும் நிலையில் சம்மணம் போட்டு உட்கார்வது மரியாதையா தண்டனையா என்று தெரியவில்லை. "இதுக்குத்தான் மாமா காலைல ஸ்ட்ரெச்சிங் பண்ணுங்கன்னு சொன்னேன்" என்று மருத்துவர் தொடங்கிவிட்டார்.

ஞாயிறு, சோங்-கோல்

இன்று ஏறிய கணவாய் நேற்றையதைவிட உயரம். உச்சியில் குதிரைகளை நிறுத்தியபோது ஏரி தெரிந்தது. 3,016 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 270 சதுர கிலோமீட்டர் தண்ணீர். சுற்றிலும் ஒரு மரம் இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று கண்ணுக்கு அளவே பிடிபடவில்லை. பக்கத்தில் தெரிந்த யூர்ட்டுக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரமாயிற்று.

தலை லேசாக வலிக்கிறது. அக்கா மகள் நாடி பிடித்துப் பார்த்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, தூங்கச் சொன்னாள். மீதி நாளை.

திங்கள், சோங்-கோல்

நாங்கள் தங்கியிருக்கும் யூர்ட் ஒரு மேய்ப்பர் குடும்பத்துடையது. கரையில் கொஞ்சம் தள்ளி, வரிசையாகப் பதினைந்து இருபது யூர்ட் போட்ட சுற்றுலா முகாம்களும் உண்டு. வெந்நீர்க் குளியல், மாலையில் கோமுஸ் என்ற தந்தி வாத்திய வாசிப்பு, கேட்டால் குதிரை விளையாட்டு. வசதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மாடு கத்தும் இடத்தில் படுக்க வேண்டும்.

வீட்டம்மாவை எஜே என்று கூப்பிடுகிறோம், அக்கா என்கிற முறையில். கணவரை பைகே. விடியலிலேயே எஜே குதிரைக் குட்டிகளைப் பிடித்துத் தரையோடு இழுத்துக் கட்டிய கயிற்றில் வரிசையாகக் கட்டிவிடுகிறார். குட்டி இருக்கும் இடத்தை விட்டுத் தாய் தூரம் போகாது. கறக்கும்போது முதலில் குட்டியை விடுகிறார்கள். பால் சுரந்ததும் குட்டியை இழுத்துவிட்டு, எஜே ஒரு முழங்காலை ஊன்றி, தொடைமேல் வாளியை வைத்து, ஒரு கையைக் குதிரையின் பின்னங்காலைச் சுற்றி விட்டுக் கறக்கிறார். குதிரை மடியில் பால் அதிகம் தங்காது, கொஞ்சம்தான் வரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கறந்தாக வேண்டும். சாயங்காலம் குட்டிகளை அவிழ்த்துவிட்டால் இரவுப் பால் முழுக்க அவற்றுக்கு.

மலைவாசிக்குக் கடிகாரமே கிடையாது, காற்றைப் போல் திரிவான் என்று எழுதுகிறவர்களை எஜேயின் பக்கத்தில் ஒரு பகல் உட்காரவைக்க வேண்டும். போனில் அலாரம் வைத்திருக்கிறார். சிக்னல் கிடையாது, போன் சூரியத் தகட்டில் சார்ஜ் ஏறுவது இந்த அலாரத்துக்கும் டார்ச்சுக்கும்தான். பேச வேண்டுமென்றால் யூர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏற வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஏறுவார். கீழே கொச்கோர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் மாமியார் அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

கறந்த பாலைப் பழைய கிமிஸில் (புளித்த குதிரைப்பால்) ஊற்றி, மரத்தண்டால் கடைந்துகொண்டே இருக்கிறார்கள். போகிற வருகிற ஒவ்வொருவரும் நாலு இடி இடித்துவிட்டுத்தான் போக வேண்டும், நானும் இடித்தேன். முன்பெல்லாம் புகை போட்டுப் பதப்படுத்திய ஆட்டுத்தோல் பையில்தான் புளிக்க வைப்பார்கள். இங்கே நீல பிளாஸ்டிக் டிரம். விருந்தாளிக்குக் கொடுக்க மட்டும் எஜே ஒரு தோல் பை வைத்திருக்கிறார். முதல் வாய்க்குப் புளிப்பு, இரண்டாவதுக்குப் புகை, அப்புறம் மூக்கில் மெல்லிய சாராய நெடி. அக்கா மகள் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு இரண்டாவதுக்கு நீட்டினாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா."

பைகேயின் கணக்கு வேறு வகை. மலையில் நிற்கும் ஆடுகளில் பெரும்பங்கு அவருடையதல்ல. ஊரில் ஆசிரியர், டிரைவர், விதவை என்று பல வீட்டு ஆடுகளைத் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கூலிக்கு மேய்க்கிறார். நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த வீட்டு ஆடு, காதில் என்ன குறி, எத்தனை குட்டி, ஓநாய் பிடித்தது எத்தனை. ஓநாய் பிடித்தால் யார் நஷ்டம் என்று கேட்டேன். "அதுதான் ஒவ்வொரு வருஷமும் சண்டை." இந்த இடமும் கண்ட இடத்தில் கூடாரம் போட்டதல்ல. 2009இல் வந்த மேய்ச்சல் நிலச் சட்டத்துக்குப் பிறகு கிராமத்து மேய்ச்சல் குழுதான் எவர் எங்கே, எத்தனை தலை என்று முடிவு செய்கிறது, தலைக்குக் கட்டணமும் வாங்குகிறது. பைகேயின் அப்பா யூர்ட் போட்ட அதே ஓடைக்கரைதான் இது. ஜூனில் லாரி வைத்து ஏற்றுகிறார்கள், பனி வருவதற்குள் இறக்குகிறார்கள்.

எரிபொருள் வரட்டி. மரமே இல்லாத ஊரில் வேறு என்ன? மாட்டுச் சாணத்தைக் காயவைத்து அடுக்குவது நம்ம வழக்கம்தான். ஆட்டுப்பட்டியில் மிதிபட்டு இறுகிப்போன புழுக்கையை மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டி எடுப்பதை இங்கேதான் பார்த்தேன். இரவில் இரும்பு அடுப்பு நிறைய அடைத்துவிட்டுப் போனார்கள். நடுராத்திரிவரை வியர்வை, விடியலில் பல் கிட்டியது. ஆகஸ்ட் மாதம், வெளியே வாளித் தண்ணீரில் ஏடு மாதிரிப் பனிக்கட்டி.

மத்தியானம் ஏரிக்கரைச் சதுப்பில் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துகளைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பைகே ஓநாய் என்று நினைத்து வெளியே வந்துவிட்டார். வரித்தலை வாத்து! திருநெல்வேலி கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் வந்து இறங்குமே, அதே இனம். இந்த ஏரி அவை குஞ்சு பொரிக்கும் இடங்களில் ஒன்று. கூந்தன்குளத்துக்கு வருபவை இங்கிருந்துதான் வருகின்றன என்று சொல்லமாட்டேன். தென்னிந்தியாவில் பார்த்த வளையமிட்ட பறவைகளில் மங்கோலியாக் கணக்கு உண்டு. ஆனாலும் வள்ளியூர்ப் பக்கத்து ஆளுக்கு இங்கே ஒரு சொந்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் பக்கத்து யூர்ட் பையன்கள் கோக்-போரு ஆடினார்கள். தலையில்லாத ஆட்டுடலைக் குதிரைமேலிருந்து குனிந்து அள்ளி, எதிரணியின் தொட்டிக்குள் போடுவது ஆட்டம். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உலக நாடோடி விளையாட்டுகள் என்று 2014இல் இசிக்-கோல் கரையில் தொடங்கிய பெருவிழாவில் இதற்குத்தான் கூட்டம் அதிகம். இந்தப் பையன்களிடம் ஆடு இல்லை, மணல் அடைத்த டிராக்டர் டியூப். வயது பத்துக்கும் பதினாலுக்கும் நடுவே. குதிரையின் விலாவில் தொங்கி, ஒரு காலை மட்டும் சேண வளையத்தில் வைத்து, கை தரையைத் தொட ஓடுகிறார்கள். ஒருவன் விழுந்தான். அக்கா மகள் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் குதிரைமேல் இருந்தான்.

இரவில் பெஷ்பர்மாக். ஆட்டுக்கறியும் நூடுல்ஸும். எந்த எலும்புத் துண்டு யாருக்கு என்பதற்கு வயதும் முறையும் பார்த்துப் பங்கிடுகிறார்கள். எனக்கு வந்த துண்டு எந்த மரியாதையைச் சேர்ந்தது என்று கேட்டதற்குப் பைகே, "தூரத்திலிருந்து வந்த மாமா" என்றார்.

செவ்வாய், மறுபடி கொச்கோர்

குதிரைகளோடு வழிகாட்டிப் பையன் கிசார்ட் திரும்பிவிட்டான். நாங்கள் கல்மாக்-அஷூ கணவாய் வழியாக ஜீப்பில் இறங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது எஜே தன் மகனையும் பையோடு கொண்டுவந்து ஏற்றினார். செப்டம்பர் ஒன்று பள்ளி திறக்கிறது. அவன் ஆறாம் வகுப்பு. எங்கள் வண்டியில் இடம் இருப்பதை அவர் முதல் நாளே பார்த்து வைத்திருக்கிறார். கூடவே மாமியாருக்கு ஒரு வாளி காய்மாக், ஒரு பை குருத் (காய்ந்த தயிர் உருண்டை), பையனுக்கு ஷூ வாங்கக் காசு. அக்கா மகளுக்கும் அன்றுதான் கல்லூரி. வண்டியில் இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

3,446 மீட்டர் கணவாய், கொண்டை ஊசி வளைவுகள், எதிரே ஒரு லாரி நிறைய வைக்கோல். பையன் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான்.

கொச்கோரில் ஷிர்தாக் என்ற கம்பளி விரிப்பு செய்கிற ஒரு வீட்டுக்குப் போனோம். இரண்டு நிறக் கம்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே கோட்டில் வெட்டுகிறார்கள். சிவப்பில் வெட்டிய செம்மறிக் கொம்பு கறுப்பின் குழியில் உட்காரும், கறுப்புக் கொம்பு சிவப்பின் குழியில். ஆக ஒரே வெட்டில் இரண்டு விரிப்பு, எதுவும் வீணில்லை. தையல் மேல் கயிறு வைத்து மறைத்து, அடியில் தடித்த கம்பளம் கொடுத்து முழுக்கத் தைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். 2012இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய கலைகளின் பட்டியலில் சேர்த்தது. கைவேலைக்கு ஆள் குறைகிறது. வாசலில் இயந்திரக் கம்பளம் மலிவாக வந்து இறங்குகிறது. பெரியது கேட்ட விலைக்கு என்னால் முடியவில்லை. நாற்காலியில் போடும் அளவுக்கு ஒன்று வாங்கினேன். பேரம் பேசவில்லை, பேச வாயும் வரவில்லை.

சந்தையில் ஆகஸ்ட் 31 சுதந்திர தினத்துக்குக் கொடி விற்கிறார்கள். நேர்க் கதிர், நெளி கதிர் இரண்டும் ஒரே கடையில், நெளி கதிர் மலிவு. பக்கத்துக் கடையில் பையனுக்குக் கறுப்பு ஷூ, ஒரு அளவு பெரிதாக, அவன் பாட்டி தேர்ந்தெடுத்தார். "அடுத்த வருஷமும் போடணும்ல." எஜே கொடுத்தனுப்பிய காசு போதவில்லை. மீதியை அக்கா மகள் கொடுக்கப் போக, பாட்டி அவள் கையைத் தட்டிவிட்டுத் தன் பர்ஸை எடுத்தார்.

எங்களை டீ குடிக்காமல் விடவில்லை. அரைக் கிண்ணம், அரைக் கிண்ணமாக ஆறு மணியாகிவிட்டது. போன் அடித்தது. மேட்டிலிருந்து எஜே. பேரன் நல்லபடியாக வந்து சேர்ந்ததைச் சொல்லிவிட்டு, ஷூ விலையை ஒரு மூச்சு திட்டிவிட்டு, பாட்டி போனை எங்களிடம் நீட்டினார். நன்றி சொல்லத் தயாரானாள் அக்கா மகள். எஜேக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: காய்மாக் வாளியை மூடியோடு திருப்பி அனுப்ப டிரைவரிடம் சொன்னீர்களா?